மூக்கு அளவுக்கு ஒரு வாசல்

நம்ம வூட்டுக்குப் பின்னால நிக்குதே அந்தச் சக்கர வூடு, அதை எதுக்கு அப்பா செஞ்சாருன்னு நீங்க கேட்டப்பெல்லாம், ஊரு சுத்தத்தான்னு சொல்லியிருக்கேன். அது பொய். உங்க மாமனைப் பழி வாங்கத்தான் அதைச் செஞ்சேன். இப்ப நீங்க ரெண்டு பேரும் எழுத்துக் கூட்டாமப் படிக்கிற வயசுக்கு வந்துட்டீங்க. இதை யாராவது கல்யாண வூட்டுல சிரிச்சுக்கிட்டே அரைகுறையாச் சொல்லி நீங்க தெரிஞ்சுக்கிறதுக்கு முந்தி, நானே முழுசா எழுதிடறேன். நான் எட்டாவது வரைக்கும் போனவன். எழுத்துல தப்பு இருந்தா நீங்களே திருத்திப் படிச்சுக்குங்க.

பெரியவனே, உனக்கு மொட்டை போட்டுக் காது குத்தின அன்னிக்குத்தான் இது ஆரம்பிச்சது. பென்னாகரம் தாண்டி, ஒகேனக்கல் ரோட்டுல இருந்து உள்ள பிரியுற மண் பாதையில நம்ம குலசாமி கோயில் இருக்குது. அங்க ஒரு புளிய மரம், கொஞ்சம் கரட்டு நிலம், அவ்வளவுதான். ஒதுங்க ஒரு கூரை கிடையாது. அதனால சடங்கைக் கோயில்ல முடிச்சுட்டு ஒகேனக்கல்ல ஒரு லாட்ஜுக்குப் போயிட்டோம். ரெண்டு ரூமு உங்க மாமன்தான் போட்டிருந்தாரு. ஓசூர்ல ஒரு கம்பெனியில அவரு சூப்பர்வைசர். உங்கம்மாவுக்கு ஒரே அண்ணன். ஆளு ஆறடிக்குக் கொறையாத ஒசரம். நான் அவரு தோளுக்குத்தான் வருவேன்.

காது வலியில உனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. ஒரு ரூமுல உன்னைத் தூங்க வெச்சு, உங்கம்மா பக்கத்துல உக்காந்திருந்தா. மத்தியானம் மழை வந்தது. மாமனோட கம்பெனி ஆளுங்க நாலு பேரு கார்ல வந்து எறங்கினாங்க. மாமன் நேரா ரூமுக்கு வந்தாரு. சொந்தக்காரங்க பத்துப் பேரு வராண்டாவுல இருந்தாங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரிதான் சொன்னாரு.

"மாப்ள, நீங்க கரும்பு டிரெய்லர்ல படுத்துப் பழகுன ஆளு. உங்களுக்கு என்னாத்துக்கு ரூமு? வண்டியிலயே படுத்துக்கலாமில்ல. இவங்களுக்கு ஏசி இல்லாம முடியாது."

வராண்டாவுல ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க. நான் கரும்பு டிரெய்லருக்கு அடியில படுத்தவன்தான். கல்யாணத்துக்கு முந்தி பாலக்கோடு மில்லு வாசல்ல லோடோட வரிசையில நின்ன காலத்துல, துண்டை விரிச்சு அங்கயேதான் தூங்குவேன். அதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. ஆனா அதைச் சொல்ல அவருக்கு அந்த இடம்தான் கெடைச்சதா? காய்ச்சல்ல கெடந்த உன்னைத் தூக்கிக்கிட்டு நாங்க கீழ எறங்கினோம். நாங்க வந்த லோடு வண்டியில தார்ப்பாயை இழுத்துக் கட்டி, தக்காளிக் கிரேட்டு ரெண்டைக் கவுத்துப் போட்டு, அதுமேல உன்னைப் படுக்க வெச்சோம். தார்ப்பாய்க்குள்ள ஒரே புழுக்கம். நீ அனத்திக்கிட்டே இருந்த. உங்கம்மா உன் நெத்தியில ஈரத் துணி வெச்சா. அழுதா. அவ பொறந்த வூட்டை நெனச்சு அழறாளா, என்னை நெனச்சு அழறாளான்னு எனக்குத் தெரியல. கேக்கவும் இல்ல.

டிரெய்லர்லதான படுக்கச் சொன்ன, சரி, டிரெய்லர்லயே படுக்கறேன்னு அங்க உக்காந்துதான் முடிவு பண்ணினேன். என் டிரெய்லர்ல ரூமு இருக்கும். அந்த ரூமுக்குள்ள நீ வரணும். நான் நின்னு பாக்கணும்.

வர வெக்க எனக்கு வழி இருந்தது. பாப்பா, அப்ப நீ பொறக்கல, வயித்துல இருந்த. காது குத்துறதுன்னா தாய்மாமன் மடியிலதான் பிள்ளை உக்காரணும். எவ்வளவு பகை இருந்தாலும் அந்த மடிக்குப் பதிலா வேற மடி கெடையாது. அதனால உனக்குக் காது குத்துற அன்னிக்கு அவரு வந்துதான் ஆகணும். அன்னிக்குள்ள வண்டி ரெடியாகணும்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பாலக்கோட்டுல பட்டறையில டிராக்டர் டிரெய்லர் அடிக்கிறேன். ஆனா இதைப் பட்டறையில அடிக்கல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா, வூட்டுக்குப் பின்னால அறுப்பு முடிஞ்ச கேவுரு காட்டுல, வெட்ட வெளியில அடிச்சேன். பட்டறைன்னா சிமெண்டுத் தரை, எல்லாம் தானா மட்டமா நிக்கும். காட்டுல ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். ஆறு எடத்துல செங்கல்லை அடுக்கி, கண்ணாடி டியூப்புல தண்ணி ரொப்பி, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தண்ணி மட்டம் பாத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் அடியில தகடு சொருகிச் சரி பண்ணவே ரெண்டு ஞாயிறு போச்சு. மூணாவது ஞாயிறு மழை பேஞ்சு ஒரு பக்கம் அடுக்கு எறங்கிடுச்சு. மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

சட்டத்துக்குச் சி சேனல் இரும்பு போட்டேன். பத்தடி நீளம், ஆறடி அகலம். நாலு மூலையும் புள்ளி புள்ளியா வெல்டு வெச்சுட்டு, மூலைக்கு மூலை டேப்பு புடிச்சுக் குறுக்க அளந்தேன். கால் இஞ்சு வித்தியாசம் இருந்தது. வேற யாரு வண்டியா இருந்தாலும் வுட்டிருப்பேன். கரும்புக்குக் கால் இஞ்சு என்ன பண்ணப் போகுது? இதுக்கு வுடல. உடைச்சுத் திரும்ப வெச்சேன். வெயில் ஏறினா இரும்பு சுட்டு இழுத்துக்கும்னு விடியக்காலமே எழுந்து வெல்டு வெப்பேன். கண்ணாடிக்குள்ள அந்தப் பொறி தெரியும்போதெல்லாம் வராண்டாவுல சிரிச்ச மூஞ்சிங்க ஒவ்வொண்ணா ஞாபகம் வரும். கோபத்துல வெச்ச வெல்டு நல்லாப் புடிக்குதுன்னு அப்ப நெனச்சுக்குவேன். நிஜமாவே நல்லாத்தான் புடிச்சிருக்குது. இன்னி வரைக்கும் ஒரு எடம் விரிசல் வுடல.

அடிச் சட்டம் முடிஞ்சு, அச்சு மாட்டி, சக்கரம் போட்டு, நாலு மூலைக்கும் ஸ்கொயர் பைப்பு தூண் நிறுத்தி வெச்சிருந்த சமயம். பாப்பா, அப்ப நீ தவழ ஆரம்பிச்சிருந்த. உங்க மாமன் ஏதோ கல்யாணப் பத்திரிகை வெக்க மாரண்டஹள்ளி வரைக்கும் வந்தவரு, நம்ம வூட்டுக்கும் வந்தாரு. கூட ரெண்டு சொந்தக்காரங்க. நான் அன்னிக்குத்தான் நம்ம பழைய ஜீப்புல வண்டியை மொத மொதல்ல மாட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

மாட்டின உடனே ஜீப்போட பின்னால அமுங்கி, முன்னால தூக்கிடுச்சு. பாரம் தெரியட்டும்னு சட்டத்து மேல ஏத்தி வெச்சிருந்த செங்கல்லு பாரமெல்லாம் கொக்கியிலயே வந்து உக்காந்துடுச்சு. முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் நிக்குது.

மாமன் இடுப்புல கை வெச்சுப் பாத்தாரு. "என்ன மாப்ள, கோழி தண்ணி குடிச்சுட்டு வானத்தைப் பாக்குற மாதிரி நிக்குது உங்க ஜீப்பு?" ன்னாரு. கூட வந்தவங்க வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் இன்னொண்ணும் சொன்னாரு. "கை கரும்புக்கே பழகிடுச்சு, பாவம்."

அவரு சொன்னது சரிதான். அதுதான் எனக்கு இன்னும் எரிஞ்சது. கரும்பு டிரெய்லருக்கு அச்சை நடுவுல வெக்க மாட்டோம். நல்லாப் பின்னால தள்ளித்தான் வெப்போம். அப்பத்தான் பாரத்துல ஒரு பங்கு டிராக்டர் கொக்கி மேல வந்து உக்காரும், டிராக்டரோட பின் சக்கரம் சேத்துல வழுக்காமக் கடிச்சு இழுக்கும். இத்தனை வருசமா அதையே செஞ்சு செஞ்சு, டேப்பு புடிக்கும்போதே என் கை பின்னாலதான் கோடு போடும். ஜீப்பு டிராக்டர் இல்லன்னு கைக்குத் தெரியல.

பேசிக்கிட்டே மாமன் சட்டத்து மேல ஏறி, பின் பக்கத்துத் தூண்ல சாஞ்சு நின்னாரு. வாசல் வரப்போற எடம் அது. நான் டேப்பைச் சுருட்டுற மாதிரி பக்கத்துல போயி நின்னேன். அவரு மூக்கு எந்த ஒசரத்துல இருக்குதுன்னு கண்ணால புடிச்சுக்கிட்டேன். அவங்க கார் கௌம்பினதும் அந்தத் தூண்ல சாக்பீஸால கோடு கிழிச்சேன்.

வாசலை எவ்வளவு ஒசரம் வெக்கறதுன்னு அதுவரைக்கும் நான் முடிவு பண்ணல. இப்பப் பண்ணிட்டேன். அவரு மூக்கு ஒசரத்துக்கு மேல் பட்டை வெச்சு வெல்டு அடிச்சேன். நான் நிமிந்து போவேன், தலைமுடிகூட இடிக்காது. அவரு உள்ள வரணும்னா கழுத்தையும் முதுகையும் வளைச்சு, கும்புடு போடுற மாதிரி குனிஞ்சுதான் வரணும்.

அடுத்த ஞாயிறு அச்சைக் கழட்டி, அடியில இருந்த தாங்கலெல்லாம் கிரைண்டர்ல அறுத்து, முன்னால தள்ளிக் கிட்டத்தட்ட நடுவுல வெச்சேன். ஜீப்பு மட்டமா நின்னது. ஜீப்புல மாட்டுறதுக்கு முன்னால நீட்டிக்கிட்டு இருக்குற முன் கோலுக்கு அடியில ஒரு முட்டுக்கால், ஜீப்பைக் கழட்டினாலும் வண்டி மூக்குக் குத்தாம நிக்கிறதுக்கு. எல்லா டிரெய்லருக்கும் அடிக்கிற மாதிரியே அதையும் அடிச்சேன். அப்புறம் சுத்தித் தகடு, உள்ள பிளைவுட்டு, முன் பக்கம் ஒரு பெஞ்சு, கட்டில், சன்னல் ரெண்டு. பின் பக்கம் வாசல்.

ஒருநாள் உங்கம்மா உள்ள கூட்டிட்டு வெளிய வந்தவ நெத்தியில இடிச்சுக்கிட்டா. அவளும் ஒசரம்தான், அந்த வூட்டு ஒசரம். நெத்தியைத் தேச்சுக்கிட்டே அந்த மேல் பட்டையைப் பாத்தா, என்னைப் பாத்தா.

"எங்கண்ணனுக்கா அளவெடுத்தீங்க?"

நான் கீழ கெடந்த ஸ்பேனரை எடுத்துத் தொடச்சேன். அவ வெளக்கமாத்தை வாசல்ல சாத்தி வெச்சா.

"குனியட்டும். ஆனா அன்னிக்கு வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லிடாதீங்க"ன்னா. அவளுக்கும் லாட்ஜு மறக்கலன்னு அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பாப்பாவுக்குக் காது குத்துக்கு நாள் குறிச்சோம். லாட்ஜெல்லாம் வேணாம், சமையல் சாப்பாடு எல்லாம் கோயில் கிட்டயேன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன். இந்த வண்டியை ரோட்டுல கொண்டு போக ஒழுங்கான காயிதம் இல்ல. அதனால பெரிய ரோட்டை வுட்டுட்டு ஊரு ஊராச் சுத்தி, மெதுவா இழுத்துக்கிட்டுப் போனேன். அது தப்புதான், நீங்க அப்படிச் செய்யாதீங்க. புளிய மரத்துக்குப் பக்கத்துல நிறுத்தி, முட்டுக்காலை எறக்கி, ஜீப்பைக் கழட்டினேன். பஸ் ஸ்டாண்டுல எறங்குற சொந்தக்காரங்களைக் கூட்டியாற என் தம்பி ஜீப்பை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

வந்தவங்களெல்லாம் வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தாங்க. பொம்பளைங்க உள்ள போயி பெஞ்சுல உக்காந்து, கட்டிலைத் தட்டிப் பாத்தாங்க. அன்னிக்கு வராண்டாவுல சிரிச்சவங்கள்ல ஒருத்தரு, "ஏங்க, இது நீங்களே அடிச்சதுங்களா?"ன்னு வாங்க போங்கன்னு கேட்டாரு. அவரு வாயில அந்த 'ங்க' வர்றதைக் கேக்க எனக்கு நல்லா இருந்தது.

மொட்டை போட்டு முடிச்ச உடனே தூத்தல் ஆரம்பிச்சது. காது குத்துற பத்தருக்கு அடுத்து வேற எடத்துக்குப் போகணும், அவசரம். எல்லாரும் வண்டிக்குள்ளயே குத்திடலாம்னாங்க. நான் நெனச்சது நானே சொல்லாம நடக்குது. போயி வாசலுக்கு எதிர்ல, மரத்து வேருமேல ஏறி நின்னேன். இருந்ததுலயே நல்லாத் தெரியற எடம் அது.

மாமன் பட்டு வேட்டி கட்டி வந்தாரு. வாசப்படியில ஏறி நின்னாரு. மேல் பட்டை நேரா அவரு மூக்குக்கு முன்னால.

அவரு ஒருதரம் என்னைத் திரும்பிப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சுக்கிட்டே முதுகைத் திருப்பி, வாசப்படியிலயே வெளிய பாத்த மாதிரி உக்காந்துட்டாரு.

"மடிதான மாப்ள வேணும். மடி இங்க இருக்குது. பாப்பாவைக் கொண்டாங்க."

குனியவே இல்ல. ஒரு வருசத்து ஞாயித்துக்கிழமையை அவரு ஒரே உக்காரல்ல ஒண்ணும் இல்லாமப் பண்ணிட்டாரு. பாப்பா, உங்கம்மா உன்னைக் கொண்டு போயி அவரு மடியில வெச்சா. பத்தர் குடைக்கு அடியில ஊசியை எடுத்தாரு. உள்ள பெஞ்சுல இருந்த பொம்பளைங்க ஏழெட்டுப் பேரும் பாக்கறதுக்கு எழுந்து வாசப்பக்கம் வந்தாங்க.

வண்டி பின்னால சாஞ்சது.

முன் கோல் மேல எழும்பிடுச்சு. பின்னால மொத்தமா எறங்கிப் போயி மண்ணுல இடிச்சது. மாமன் வுழாம இருக்க உன்னை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு விசுக்குன்னு எழுந்தாரு. அந்த மேல் பட்டை அவரு தலையில அடிச்ச சத்தம் நான் நின்ன எடத்துக்குக் கேட்டது.

உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னுதான எழுதறேன். ஒரு கண்ணு இமைக்கிற நேரம், எனக்குச் சந்தோசமா இருந்தது. அப்புறந்தான் அவரு கைக்குள்ள இருந்து உன் கால் தொங்கறதைப் பாத்தேன்.

ஓடினேன். உனக்கு ஒண்ணும் இல்ல. நீ அழக்கூட இல்ல, முழிச்சுக்கிட்டு இருந்த. மாமன் நெத்தியில இருந்து ரத்தம் மூக்கு மேல வழியுது. அவரு உன்னை உங்கம்மாகிட்டக் குடுத்துட்டுத்தான் நெத்தியைத் தொட்டுப் பாத்தாரு. உள்ள ஒருத்தருமேல ஒருத்தரா வுழுந்த பொம்பளைங்க எழுந்துக்கிட்டு இருந்தாங்க. தாம்பாளத்து மஞ்சள் தண்ணி கட்டிலெல்லாம் ஊத்திடுச்சு.

"பின்னால முட்டு வெக்கலைங்களா மாப்ள?"

அதட்டிக் கேக்கல. நெஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்ட மாதிரிதான் கேட்டாரு. கரும்பு டிரெய்லருக்குப் பின்னால முட்டே வெக்க மாட்டோம். அச்சு பின்னால இருக்குற வண்டி பின்னால சாயாது, அதனால தேவையே இல்ல. அவரு சிரிச்சாருன்னு அச்சை நடுவுக்குக் கொண்டு வந்தவன், முட்டுக்காலைப் பழைய பழக்கத்துக்கு முன்னால மட்டும் வெச்சுட்டேன். பட்டறைக்காரன், அத்தனை பேருக்கு முன்னால, என் தொழில்ல.

வண்டியைத் தூக்கி நிமித்தினோம். பின்னால கல்லு வெச்சா, நனைஞ்ச மண்ணுல கல்லு கீழ எறங்குது. ஜீப்பு இன்னும் வரல. நேரம் போவுதுன்னு பத்தர் ஊசியைப் பெட்டியில வெக்கப் பாத்தாரு. மாமன் நெத்தியில துண்டைக் கட்டிக்கிட்டு, குத்திட்டுத்தான் போகணும்னாரு. படியில உக்காந்தா மறுபடியும் சாயும், அதனால உள்ள போயி உக்காந்துக்கறேன்னாரு.

உங்கம்மா என் கையைப் புடிச்சு முன்னால கூட்டிக்கிட்டுப் போனா. முன் கோலைக் காட்டினா.

"இதுமேல உக்காருங்க. முடியற வரைக்கும் எறங்கிடாதீங்க. நீங்க எறங்கினா எங்கண்ணன் வுழுந்துருவாரு."

கொக்கி முனையில போயி உக்காந்தேன். கோல் நீளம், அதனால என் ஒல்லி உடம்போட எடையே போதும். பின்னால ஆறடி ஆளு ஏறினாலும் தாங்கும். கணக்குப்படி அது சரியாத்தான் இருந்தது. தூத்தல் வலுத்து நல்ல மழையே வந்துடுச்சு. எனக்கு எதிர்ல நானே அடிச்ச தகடு. சன்னல் கூட அந்தப் பக்கம் வெக்கல.

வண்டி ஒருதரம் பின்னால அமுங்கினது என் உடம்புக்குத் தெரிஞ்சது. அவரு வாசல்ல ஏறிட்டாரு. அந்த வாசல்ல அவரு குனியாமப் போயிருக்க முடியாது. நெத்தியில துண்டோட, நான் கோடு கிழிச்ச அந்த ஒசரத்துக்குக் கீழ, முதுகை வளைச்சுத்தான் போயிருப்பாரு. நான் தகட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல, பாப்பா, நீ வீல்னு அழுதது கேட்டது. அப்புறம் இன்னொரு தரம். ரெண்டு காதும் முடிஞ்சதுன்னு எண்ணிக்கிட்டேன்.

வூட்டுக்குத் திரும்பி வந்ததும் உங்கம்மாகிட்டக் கேட்டேன், உள்ள வரும்போது உங்கண்ணன் எப்படி வந்தாருன்னு. "பாப்பாவைத்தாங்க பாத்துக்கிட்டிருந்தேன்"னா. பெஞ்சுல இருந்த ரெண்டு பொம்பளைங்களைக் கேட்டேன். கவனிக்கலன்னாங்க. அடுத்த வாரம் பாலக்கோட்டுல பத்தரைப் பாத்தப்ப அவருகிட்டயும் கேட்டேன். எதுக்குக் கேக்கறேன்னே அவருக்குப் புரியல.

ஞாயித்துக்கிழமை பின் பக்கத்துக்கு ரெண்டு முட்டுக்கால் அடிச்சேன், அடியில அகலமாத் தகடு வெச்சு, சேத்துல எறங்காத மாதிரி. வாசலை ஒசத்துங்கன்னு உங்கம்மா சொன்னா. இன்னும் ஒசத்தல.